பேனல் வோல்ட் காட்டுகிறது, பேட்டரி ஏன் ஏறவில்லை?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேசுவரத்துக்கும் திருச்செந்தூருக்கும் போகிற தங்கும் வேன்களில் இப்போது கூரை மேல் சோலார் பேனலைப் பார்க்க முடிகிறது. வேம்பார் பக்கம் இரவு தங்கிவிட்டு விளாத்திகுளம் வருகிறவர்கள் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "வெயில் கொளுத்துது, பேட்டரி மட்டும் ஏற மாட்டேங்குது." பாதிப் பேர் அதற்குள் புதுப் பேட்டரி வாங்கியிருப்பார்கள். அதுவும் ஏறாது. தயவுசெய்து முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். தோட்டத்து மோட்டார் ரூமில் விளக்குக்காகப் பேனல் வைத்தவருக்கும் இதே முறைதான்.

பேனலைக் கழுவுங்கள். கரிசல் புழுதியும் கடல் உப்பும் சேர்ந்தால் பசை மாதிரி ஒட்டும். கரிமூட்டப் புகை பட்ட இடமென்றால் இன்னும் மோசம். பக்கத்துக் கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தில் பேனல் துடைக்கவே ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில், கண்ணாடி சூடாகும் முன், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளையாகப் படிந்துவிடும். லக்கேஜ் கேரியரின் கம்பி நிழல் ஒரு செல்லில் விழுந்தாலும் மின்சாரம் பாதிக்குப் பாதி போய்விடலாம்.

இனி சிக்கலான இடம். எல்லோரும் பேனல் ஒயரில் மீட்டரை வைத்து, 20 வோல்ட் வந்ததும் "பேனல் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வோல்ட் வெறும் அழுத்தம்தான். உப்படைத்த குழாயில் திருகை மூடி வைத்தால் அழுத்தம் குறையாமல் இருக்கும். திறந்தால்தான் சொட்டுவது தெரியும். அதனால் ஓட்டத்தைப் பாருங்கள், ஓடும்போது பாருங்கள்.

முதலில், மின்சாரம் ஓடும்போது வழியில் எங்கே வோல்ட் தொலைகிறது என்று பார்ப்போம். நண்பகலில், எல்லாம் இணைந்திருக்கும்போது, விளக்கும் ஃபேனும் கொஞ்ச நேரம் போட்டுப் பேட்டரியை இறக்கிவிட்டு நிறுத்துங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சார்ஜ் கண்ட்ரோலரின் பேட்டரி பிளஸ் திருகில். மறுமுனை பேட்டரியின் ஈய முனையில். ஒயர் நுனியில் அழுத்திய லக்கில் வைக்காதீர்கள், ஈயத்திலேயே வையுங்கள். 0.1, 0.2 என்று காட்டினால் பாதை சரி. 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் திருடன் அந்த இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கிறான். ஃபியூஸ் ஹோல்டரின் இரு பக்கமும், பிறகு லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவிலும், இப்படியே நகர்த்தி வாருங்கள். மைனஸ் பக்கமும் அதேபோல. பெரும்பாலும் ஃபியூஸ் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு இருக்கும்.

இந்த ஒரு களிம்பு ஏன் எல்லாவற்றையும் கெடுக்கிறது? கண்ட்ரோலர் தன் திருகில் வரும் வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. வழியில் தடை இருந்தால் அதன் வாசலில் 14.4 ஏறிவிடும்; பேட்டரி நிறைந்துவிட்டது என்று எண்ணி ஓட்டத்தைக் குறைத்துவிடும். பேட்டரியோ 12.5-லேயே கிடக்கும். கண்ட்ரோலரில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நம்பி ஏமாறுவது இதில்தான்.

பாதை சரியென்றால் பேனலின் ஆம்பியரைப் பாருங்கள். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும் பேனல் ஒயரின் எம்சி4 கனெக்டரை அப்படியே பிடுங்கக் கூடாது, பொறி பறந்து கருகிவிடும். பேனல் மேல் கனத்த போர்வையைப் போர்த்தி, பிறகு கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாற்றி, டயலையும் டிசி ஆம்பியருக்குத் திருப்பி, பேனலின் பிளஸ்ஸிலும் மைனஸிலும் இணைத்துப் போர்வையை எடுங்கள். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் 5 ஆம்பியர் அளவுக்குக் காட்ட வேண்டும். சரியான கணக்கு பேனலின் பின்புற ஸ்டிக்கரில் இருக்கும். அதில் 10-க்கு மேல் போட்டிருந்தால் இந்த மீட்டர் ஆகாது, டிசி கிளாம்ப் மீட்டர் வேண்டும். பார்த்து முடித்ததும் போர்வையை மறுபடி போர்த்தி ஒயரைப் பழைய ஓட்டைக்கு மாற்றுங்கள். ஆம்பியர் ஓட்டையில் குத்திய மீட்டரை மறந்துபோய் பேட்டரியில் வைத்தால் மீட்டரும் போகும், கையும் வெந்துபோகும்.

ஆம்பியர் நன்றாக வந்தும் ஏறவில்லையா? கண்ட்ரோலரைச் சந்தேகப்படலாம். முதலில் பேனல் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரி ஒயரை. ஐந்து நிமிடம் விட்டு, பேட்டரியை முதலில், பேனலைப் பிறகு மாட்டுங்கள். பல கண்ட்ரோலர்கள் 12-ஆ 24-ஆ என்பதைப் பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கின்றன. லித்தியம் பேட்டரி 0 காட்டினால் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் மூடியிருக்கலாம், லித்தியம் சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

களிம்பு கண்ட இடத்தைச் சுரண்டிவிட்டு அதே லக்கை மாட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. வெட்டிவிட்டுப் புது லக் அழுத்துங்கள். முறுக்கி டேப் சுற்றவே கூடாது. கடல் காற்று அதற்குள் நுழைந்துவிடும். வெள்ளீயம் பூசிய 6 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டு, முனைகளை நன்றாக முடுக்கிய பிறகு வாஸ்லின் தடவுங்கள்.

எல்லாம் முடிந்து ஒரு பகல் முழுக்க வெயிலில் விடுங்கள். ஈய பேட்டரியென்றால் மாலைக்குள் அதன் முனையிலேயே 14.4-ஐத் தொட வேண்டும். இரவு எதையும் போடாதீர்கள். மறுநாள் சூரியன் எழுமுன் மீட்டரை வையுங்கள். 12.6 நின்றால் பேட்டரி சார்ஜைப் பிடித்து வைக்கிறது. 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால், இப்போது போய்ப் புதுசு வாங்குங்கள்.