செகண்ட் ஹேண்ட் ஸ்ட்ராட்: குவிந்து கிடந்தும் விலை இறங்காத கிட்டார்

சப்ளை கூடினா விலை இறங்கும். எகனாமிக்ஸ் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துடுவாங்க. தக்காளிக்கு இது அப்படியே பொருந்தும். ஆனா அமெரிக்காவில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் விற்கும் இடங்களில் ஒரே மாடல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: மெக்சிகோவில் செய்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். அவ்வளவு குவிந்து கிடந்தும் அதன் விலை தரைமட்டத்துக்குப் போகிறதில்லை. ஏன்னு பிரிச்சுப் பார்ப்போம் வாங்க.

ஏன் இவ்வளவு வருது?

முதல் காரணம், உற்பத்தி. ஃபெண்டர் 1987-ல் மெக்சிகோவின் எனசெனாடா நகரில் தொழிற்சாலை தொடங்கியது. அமெரிக்கத் தயாரிப்பைவிடக் குறைந்த விலையில், அதே வடிவமைப்பில் கிட்டார்கள் அங்கிருந்து வருஷக்கணக்கா வந்துகிட்டே இருக்கு.

இரண்டாவது, ஆட்கள். கிட்டார் வாங்கும் புதியவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் முதல் வருஷத்துக்குள்ளேயே வாசிப்பதை விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டரின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2020 லாக்டவுனில் கிட்டார் விற்பனை பெரிய அளவில் எகிறியது. அப்படி வாங்கினவங்களில் ஒரு பங்கு பேர் பிறகு விற்கத்தானே செய்வாங்க? இன்னொரு பக்கம், நல்லா வாசிக்கக் கத்துக்கிட்டவங்க அமெரிக்க மாடலுக்கு மாறும்போது பழசை விற்பாங்க. விட்டவரும் விற்கிறார், வளர்ந்தவரும் விற்கிறார்.

அப்போ விலை ஏன் விழல?

ஒண்ணு: டிசைன் பழசாகவில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது 1954-ல். மூணு சிங்கிள் காயில் பிக்கப், 25.5 அங்குல ஸ்கேல் நீளம்; அடிப்படை இன்னிக்கும் அதேதான். ஐந்து வருஷப் பழைய போனில் புது ஆப் ஓடாமல் போகலாம். இருபது வருஷப் பழைய ஸ்ட்ராட்டில் வாசிக்க முடியாத பாட்டுன்னு எதுவும் புதுசா வந்துடல.

ரெண்டு: ரிப்பேர் செய்யவே பிறந்த வடிவமைப்பு. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனா பழுது பார்ப்பவர் கண்ணோடு அதைப் பார்த்தார். கழுத்துப் பகுதியை உடலோடு பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் பொருத்தினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், பிக்கப், பிரிட்ஜ் எல்லாமே தனித்தனியா கிடைக்கும்; மற்ற கம்பெனிகளும் செய்கிறார்கள். முழு கிட்டாரும் விலை போகாவிட்டால் பிரித்து விற்கலாம். அந்த உதிரிபாகங்களின் மதிப்புதான் விலைக்குக் கீழே இருக்கும் தளம்.

ஒப்பிட, கிப்சன் லெஸ் பால். மஹோகனிக் கழுத்து, ஒட்டப்பட்டது. தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் மர நரம்பின் ஓட்டம் அங்கே குறுக்காக வெட்டுப்படுகிறது. கீழே விழுந்தால் சரியாக அந்த இடத்தில் முறியும். நல்லா ஒட்டினால் சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனா விற்கப் போனால் விலை பலமா அடிவாங்கும்.

மூணு: தகவல். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார் சந்தையைப் பற்றியது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வு அது. வண்டியில் என்ன கோளாறுன்னு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தப் பயத்தில் வாங்குபவர் விலையைக் குறைத்தே கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவர் "இந்த விலைக்கா?"ன்னு சந்தையை விட்டே போயிடுவார். மிச்சம் இருப்பது ஓட்டை வண்டிகள்.

ஸ்ட்ராட்டில் இந்தப் பயம் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த மாடல். சீரியல் எண் MN எழுத்துகளில் தொடங்கினால்... அதாவது எம், என் என்று இருந்தால் மெக்சிகோ, 1990-கள். எம், இசட் என்றால் 2000-கள். கையில் எடுத்து வாசித்தால் கோளாறு பத்து நிமிஷத்தில் தெரிஞ்சுடும். இங்கேதான் முக்கியமான விஷயம்: நிறைய விற்பதாலேயே எல்லோருக்கும் விலை தெரியும். விலை தெரிவதாலேயே வாங்குபவர் தைரியமா வாங்குகிறார். குவிந்து கிடப்பதே நம்பிக்கையைத் தருகிறது.

நம்ம பாக்கெட்டுக்கு என்ன?

கணக்குக்காக ஒரு உதாரணம். புதுசு 60,000 ரூபாய், பழசு 40,000 என்று வைப்போம். அந்த 20,000 இழப்பு முதல் உரிமையாளரோடு முடிந்தது. நீங்க 40,000-க்கு வாங்கி, ரெண்டு வருஷம் வாசித்து, 37,000-க்கு விற்றால் உங்க செலவு 3,000. பெயர் தெரியாத புதுக் கிட்டாரை 9,000-க்கு வாங்கி யாருமே திருப்பி வாங்கலைன்னா செலவு முழு 9,000. விலைச்சீட்டில் சின்னது, கணக்கில் பெரிசு. முதலில் கையில் 40,000 இருக்கணுமே என்பது நியாயமான கேள்விதான். அதே தர்க்கத்தைச் சின்ன பட்ஜெட்டிலும் போடலாம்: ஃபெண்டரின் குறைந்த விலை பிராண்டான ஸ்குவையரில் பழசு தேடுங்க.

சில எச்சரிக்கைகள். மறுபெயின்ட் அடித்தது, கண்டபடி துளை போட்டது விலை இறங்கும். 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் லட்சக்கணக்கான டாலருக்குப் போகிறதே என்று இதோடு குழப்பிக்காதீங்க. அது அரிதான பொருள் சேகரிப்பவர்களின் சந்தை. இது வாசிப்பவர்களின் சந்தை.

வாங்கும் முன் கழுத்து நேராக இருக்கா, ஃப்ரெட் எவ்வளவு தேய்ந்திருக்கு, டிரஸ் ராட் திரும்புதா, வால்யூம் திருகினால் கரகரக்குதா, இந்த நாலையும் பாருங்க. கரகரப்பு சின்னச் செலவு. டிரஸ் ராட் திரும்பலைன்னா பேரம் பேசாம நடையைக் கட்டுங்க.

ஆசை இருந்தும் "ரெண்டு மாசத்துல விட்டுட்டா காசு வீணாயிடுமே"ன்னு தயங்குறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. சரியான பழசை வாங்கினால், விட்டாலும் பெரிய நஷ்டமில்லை. விடாமல் போனால் இன்னும் நல்லது.