முயற்குட்டிகளைக் காப்போம்: முதல் மூன்று வாரங்கள்

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று மீண்டும் கால்நடை வளர்க்கத் தொடங்குவது இலகுவான காரியமல்ல. 1990இலும் 1995இலும் 2009இலும் வீடுவாசலை விட்டு வெளியேறியோரில் பலர், கட்டி நின்ற மாடுகளை அவிழ்த்து விட்டுவிட்டே வந்தனர். இரவற் காணியிலும் உறவினர் வளவிலும் இருப்பவர்களுக்கு மாடு கட்ட இடமில்லை. மேய்ச்சல் தரையும் இல்லை. இத்தகையோருக்கு முயல் ஏற்ற பிராணியாகும். வேலிக் குழையும் புல்லும் அதற்குப் போதும். கூடு வைக்க ஒரு மரநிழல் போதும். மறுபடி இடம் மாற நேர்ந்தாலும் ஒரு கூடையில் வைத்துக் கொண்டு போகலாம்.

ஆயினும் குழுக்களில் நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றுண்டு. "முயல் நல்லாய்த்தான் குட்டி போட்டது, சுவாமி. ஒரு கிழமைக்குள்ளே எல்லாம் செத்துப் போச்சுது" என்பதே அது. கடன்பட்டு ஒரு சோடி வாங்கிய குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. "எங்களுக்கு இராசியில்லை" என்று கூட்டையே விற்றுவிடுகிறார்கள். இது இராசியினால் வருவதல்ல. குளிர், ஈரம், பசி, பயம் என்னும் நான்குமே இளங்குட்டிகளைக் கொல்லும் முக்கிய காரணங்கள். இவற்றில் பெரும்பகுதியை ஒரு பெட்டியினாலும் சிறிது கவனத்தினாலும் தடுக்கலாம்.

காட்டு முயலும் வீட்டு முயலும்

நமக்குத் தெரிந்த காட்டு முயல் புல்லுக்குள் குட்டி போடும். அதன் குட்டி பிறக்கும்போதே உடல் நிறைய மயிரும் திறந்த கண்களும் உடையது. விரைவில் ஓடவும் தொடங்கும். நாம் கூட்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். அதன் மூதாதையர் ஐரோப்பாவில் நிலத்துக்குக் கீழே வளை தோண்டி வாழ்பவர்கள். அவற்றின் குட்டிகள் மயிரின்றி, கண் மூடியபடி, தம் உடற்சூட்டைக் காக்க இயலாதவையாகப் பிறக்கின்றன. இருட்டும் இளஞ்சூடும் உள்ள வளையே அவற்றின் தொட்டில்.

கம்பி வலைக் கூட்டில் அந்த வளை இல்லை. ஆகவே வளைக்குப் பதிலாக ஒரு பெட்டியை நாமே கொடுக்க வேண்டும். பின்வரும் ஆலோசனைகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே வருகின்றன.

நாட்கணக்கு

பெண் முயலை ஆண் முயலின் கூட்டுக்குக் கொண்டு போய் இணைசேர்த்த நாளைப் பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் 30 முதல் 32 நாட்களில் அது குட்டி போடும். 27ஆம் நாள் பெட்டியைக் கூட்டுக்குள் வைத்துவிட வேண்டும். நாள் எழுதாதவர் வீட்டில் குட்டிகள் வெறும் கம்பியின் மேல் பிறந்து, விடியுமுன் விறைத்து இறக்கின்றன.

பெட்டி

16 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பலகைப் பெட்டி ஒரு நடுத்தர முயலுக்குப் போதுமானது. தாய் ஏறி இறங்கும் முன்பக்கம் மாத்திரம் 6 அங்குல உயரம் இருக்கட்டும். அந்த உயரம் குட்டிகள் வெளியே விழாமல் தடுக்கும். சலம் வடிவதற்கு அடியில் சில துளைகள் இடுங்கள். பழைய பலகை, பழப்பெட்டி எதுவும் உதவும். ஆணி நுனி உள்ளே நீட்டிக் கொண்டிருக்கக் கூடாது.

அடியில் ஓர் அங்குலம் மரத்தூள் பரப்பி, அதன் மேல் நன்கு காய்ந்த வைக்கோலையோ புல்லையோ குறுக வெட்டிப் போடுங்கள். நூல், சீலைக் கிழிசல், சாக்கு இழை வேண்டாம். அவை குட்டிகளின் காலிலும் கழுத்திலும் சுற்றி இறுக்கும். முயல் வழமையாகச் சலம் விடும் மூலையில் பெட்டியை வைக்கக் கூடாது.

நாள் நெருங்கும்போது தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை இடும். இதை நோய் என எண்ணி மயிரை அள்ளி எறிபவர்கள் உண்டு. அந்த மயிரே குட்டிகளின் போர்வை.

பிறந்த நாள்

முயல் பொதுவாக இரவிலோ விடியற்புறத்திலோ குட்டி போடும். அந்நேரம் விளக்குப் பிடித்துப் பார்ப்பதும் அயலவரைக் கூப்பிட்டுக் காட்டுவதும் வேண்டாம். காலையில், தாய்க்குக் கொஞ்சம் குழை கொடுத்து அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு, பெட்டியைப் பாருங்கள். வாசனைச் சவர்க்காரம் போடாமல் கையைக் கழுவி, பெட்டியில் உள்ள வைக்கோலைக் கையில் தேய்த்துக் கொள்ளுங்கள். "கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும்" என்று பயந்து பார்க்காமலே விடுவது தவறு. செத்த குட்டி உள்ளே கிடந்தால் அது அழுகி மற்றவற்றுக்கும் தீங்கு செய்யும். அதை எடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

பூனையைப்போல முயல் தன் குட்டியை வாயிற் கவ்வி எடுத்து வராது. வெளியே விழுந்த குட்டியை நாமே பெட்டியில் சேர்க்க வேண்டும். அது குளிர்ந்து போயிருந்தால் செத்துவிட்டது என எறிய வேண்டாம். உள்ளங்கையிலோ உலர்ந்த துணியிலோ பொத்திச் சூடேற்றுங்கள். அசையத் தொடங்கியதும் மற்றக் குட்டிகளின் நடுவே வையுங்கள்.

தாய் பால் கொடுக்கிறதா?

"தாய் பெட்டிக்குள் போவதே இல்லை" என்று பலர் பதறுவர். முயல் தன் குட்டிகளுக்கு ஒரு நாளில் ஒரு தடவை, சிலவேளை இரு தடவை மாத்திரமே பால் கொடுக்கும். அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடங்களே. வளையில் வாழும் பிராணி அடிக்கடி போய் வந்தால் பகைவனுக்கு வழி தெரிந்துவிடும் என்பதால் இறைவன் தந்த இயல்பு அது.

தாயைப் பார்த்து முடிவு செய்யாமல், குட்டியின் வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டு தோல் வழுவழுப்பாக இருந்து, குட்டி அமைதியாகக் கிடந்தால் பால் கிடைக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, குட்டி துள்ளிக் கத்தினால் அது பசி. ஒரு நாள் முழுவதும் பால் கிடைக்காவிட்டால் தாயை மெதுவாகப் பிடித்துக் குட்டிகளை முலையில் விடலாம்.

முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசுப்பாலில் உள்ளதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே பசுப்பாலோ மாப்பாலோ அதற்கு ஈடாகாது. பெரும்பாலான முயல்களுக்கு முலைக்காம்புகள் எட்டு. குட்டிகள் அதற்கு மேற்பட்டால், இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் குட்டி போட்ட வேறொரு முயலிடம் மேலதிகமானவற்றைச் சேர்க்கலாம். இதற்காகவே அயல்வீட்டார் இருவர் தம் முயல்களை ஒரே நாளில் இணைசேர்ப்பது புத்தி.

தாய்க்குத் தேவையானவை

தாகமே தாய் முயலின் முதல் எதிரி. பால் கொடுக்கும் முயல் வெயில் நாளில் ஒரு லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். தண்ணீரின்றித் தவிக்கும் தாய், பயந்த தாய், முதல் ஈற்றுத் தாய் ஆகியவை தம் குட்டிகளையே கடித்துத் தின்பதுண்டு. கனமான மண்சட்டியில் எந்நேரமும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். முதல் ஈற்றுக் கெட்டுப் போனாலும் இன்னொரு தடவை பாருங்கள்.

முள்முருக்கு, அகத்தி, வற்றாளங்கொடி, அறுகு ஆகியவை நல்ல தீனி. பனி ஈரத்தோடு கொடாமல் நிழலில் வாடவிட்டுக் கொடுங்கள். இப்பிலிப்பில் குழை சிறிதளவே கொடுக்கலாம். கூடினால் மயிர் உதிரும். பச்சை மரவள்ளி இலை நஞ்சு. பூஞ்சணம் பிடித்த தவிடோ பிண்ணாக்கோ வேண்டாம்.

வெயிலும் பகைவரும்

முயலுக்கு வியர்ப்பதில்லை. வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டினால் அது துன்பப்படும். தகரக் கூரை மாத்திரம் போட்ட கூடு நண்பகலில் அடுப்பாகிவிடும். தகரத்தின் மேல் கிடுகு போட்டு, வேப்ப மரத்தின் கீழோ மாமரத்தின் கீழோ கூட்டை வையுங்கள். மாரியில் சாரல் அடிக்கும் பக்கத்தைத் தறப்பாளால் மறைத்து, மறுபக்கம் காற்றுக்கு விடுங்கள்.

கூட்டின் கால்கள் ஒவ்வொன்றையும் தண்ணீர் நிறைந்த பேணியில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. எலிக்கும் பாம்புக்கும் அரை அங்குலக் கண் வலையே தடை. நாய் கூட்டைச் சுற்றி ஓடினாலே தாய் மிரண்டு பெட்டிக்குள் பாய்ந்து குட்டிகளை மிதித்துவிடும்.

கண் திறந்த பின்

10 முதல் 12 நாளில் குட்டிகள் கண் திறக்கும். பீளை ஒட்டியிருந்தால் கொதித்தாறிய நீரில் நனைத்த பஞ்சினால் துடையுங்கள். நனைந்த வைக்கோலை உடனுக்குடன் மாற்றுங்கள். மூன்றாம் வாரத்தில் அவை வெளியே வந்து குழை கடிக்கத் தொடங்கும். அப்போது பெட்டியை எடுத்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஐந்து, ஆறு வாரங்களில் பால் மறக்கச் செய்யலாம். குட்டிகளை இடம் மாற்றாமல் தாயை வேறு கூட்டுக்கு மாற்றுவதே நல்லது. இக்காலத்தில் வரும் வயிற்றோட்டம் பெரும்பாலும் எச்சம் குவிந்த ஈரக் கூட்டினாலும் திடீரெனத் தீனி மாற்றுவதாலும் வருவது. குட்டிகள் தொடர்ந்து கழிந்தால் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்குக் குட்டிகள் மீது ஆசை அதிகம். அதைத் தடுக்க வேண்டியதில்லை, ஒழுங்குபடுத்தினால் போதும். ஒரு பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து, நாளுக்கு ஒரு முறை குட்டிகளை எண்ணி எழுதும் பொறுப்பை ஒப்படையுங்கள். எல்லாவற்றையும் இழந்து வந்த வீட்டில், ஒரு சிறு உயிர் தன் கவனத்தால் வளர்வதைக் காணும் பிள்ளை பெரிய பாடம் ஒன்றைக் கற்கிறது.

ஒருவருக்கொருவர்

தாய்க்கு ஓய்வு கொடுத்து வருடத்தில் நான்கு ஈற்று எடுத்து, ஈற்றுக்கு ஐந்து குட்டி தப்பினால் இருபது குட்டிகள். அவற்றில் இரண்டு பெண் குட்டிகளை முயல் இல்லாத இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்பதென்று குழுவில் தீர்மானியுங்கள். கடனாகப் பெற்ற உதவி இவ்வாறு கைமாறும்போது எவரும் கையேந்தி நிற்பவராக இருக்க மாட்டார். ஓர் ஆண் முயலைப் பத்து வீடுகள் பொதுவாக வைத்திருக்கலாம். ஒரே தாயின் பிள்ளைகளை இணைசேர்க்காதிருக்க, அயற்கிராமக் குழுவோடு ஆண் முயலை மாற்றிக் கொள்ளுங்கள்.

குழுவாகச் சிந்திக்க

1. சென்ற ஈற்றில் குட்டிகள் இறந்திருந்தால், குளிர், ஈரம், பசி, பயம் ஆகியவற்றில் எது காரணம்?

2. இருக்கும் பலகையைக் கொண்டு, பெட்டி இல்லாத வீடுகளுக்கு எத்தனை பெட்டிகள் செய்யலாம்? தச்சுவேலை தெரிந்தவர் யார்?

3. முதல் இரண்டு பெண் குட்டிகள் எந்த வீட்டுக்குப் போக வேண்டும்?