கணவர் போட்ட கையெழுத்து என் சம்மதம் ஆகுமா?

கேள்வி: பெருங்குடல் புண்ணுக்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிட்டு வந்தேன். லேப்ராஸ்கோப் பரிசோதனை என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்தார்கள். கண் விழித்தபோது பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டு, மலம் வெளியேற வயிற்றில் பை பொருத்தியிருந்தார்கள். நான் மயக்கத்தில் இருக்கும்போது கணவரிடம் கையெழுத்து வாங்கினார்களாம். குழித்தறியில் உட்கார்ந்தால் தறி மரம் பையில் இடிக்கிறது. பட்டு நெய்ய முடியவில்லை. 14 மாதங்கள் ஆகிவிட்டன. வழக்குப் போடலாமா?
- ஒரு வாசகி, திருமுக்கூடல்

பதில்: போடலாம் சகோதரி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். இன்னும் காலம் இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படாத பெருங்குடல் புண்ணுக்குக் குடலை அகற்றுவது மருத்துவம் ஏற்றுக்கொண்ட சிகிச்சைதான். அறுவை செய்தார்கள் என்பதே குற்றமாகாது. உங்கள் சம்மதம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதற்கு விடை சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் கேட்டுக் கருப்பையை அகற்றினார்கள். சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடியவருக்காக வேறொருவர் தந்த சம்மதம் செல்லாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்கு ஆகாது என்றது தீர்ப்பு. சிகிச்சை என்ன, மாற்று வழி உண்டா, ஆபத்து என்ன என்பதையெல்லாம் நோயாளியிடமே சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. குடல் ஓட்டையாகி, காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலை இருந்திருந்தால், சம்மதம் வாங்கவில்லை என்ற வாதம் நிற்காது. அப்படி ஒரு நிலை இருந்ததா என்பதைக் கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, அகற்றிய குடலின் பயாப்ஸி அறிக்கை ஆகிய மூன்றும் காட்டிக்கொடுக்கும். உங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலில் இருக்கும் வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு, 15 கட்டில் கொண்ட ஆதுலசாலையின் (மருத்துவமனையின்) மருத்துவர், சல்லியக்கிரியை (அறுவை சிகிச்சை) செய்பவர், மருந்துகள் என எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறது. இன்றைய மருத்துவமனைக்கும் எழுதி வைக்கும் கடமை உண்டு. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பதிவுத் தபாலில் கேளுங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பதிவுகள் கைக்கு வந்ததும் வேறொரு குடல் அறுவை நிபுணரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்குங்கள். பையை எடுத்துவிட்டுச் சிறுகுடலை இணைக்க வாய்ப்பு உண்டா என்பதையும் அவரிடமே கேளுங்கள். உங்கள் உடம்புக்கு வழக்கைவிட அது முக்கியம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. பெண் என்பதால், வருமானம் எவ்வளவானாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். நெசவுக் கூலி வாங்கிய கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வருமான இழப்புக்கு அதுதான் ஆதாரம்.

கணவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பதற்றத்தில் நீட்டிய தாளில் போட்ட கையெழுத்து அது. இந்த வழக்கில் அவர்தான் முக்கிய சாட்சி. யார் வந்து, எத்தனை மணிக்கு, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை அவரை இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.