புறநகர் மனைப் பத்திரங்களில் நான்கெல்லை: சொல்லும் நீரும்

முன்னுரை

தமிழில் குடியிருப்பைக் குறிக்கும் சொற்களுள் ‘மனை’ பெற்றுள்ள பொருள்மாற்றம் தனித்து நோக்கத்தக்கது. சங்க இலக்கியத்தில் மனை என்பது மாந்தர் வாழும் இல்லத்தைக் குறித்தது. அவ்வில்லத்தை ஆள்பவள் மனைவி எனவும் மனையாள் எனவும் பெயர்பெற்றாள். இன்றைய நில வணிகத்திலோ மனை என்பது வீடு கட்டப்படாத வெற்றிடம். வாழ்க்கையால் நிறைந்திருந்த சொல், வாழ்க்கை தொடங்குமுன் விற்கப்படும் நிலத்துண்டுக்கு ஆகிவந்துள்ளது. ‘நகர்’ என்னும் சொல்லின் நிலையும் இதுவே. பழந்தமிழில் மாளிகையையும் கோயிலையும் குறித்த அச்சொல் பேரூரைக் குறித்து, இன்று 20 மனைகள் கொண்ட பிரிவுக்கும் ஒட்டுப்பெயராக நிற்கிறது.

சிலப்பதிகாரம் ‘புறஞ்சேரி’ என்னும் சொல்லைக் காதைத் தலைப்பிலேயே கொண்டுள்ளது. மதுரைக்குப் புதியவர்களான கோவலனும் கண்ணகியும் மதிலுக்கு வெளியே தங்குகின்றனர். அவர்களுக்கு ஒரு வீட்டை ஒழித்துத் தருபவள் அவ்விடத்தை அறிந்த மாதரி. இன்றைய புறநகரில் குடிபுகுவோர்க்கு அத்தகைய மாதரி வாய்ப்பதில்லை. நிலத்தைப் பற்றி அவர்களுக்குக் கிடைப்பவை ஊர்ப்பெயர், விளம்பரத் துண்டறிக்கை, கிரயப் பத்திரம் ஆகிய மூன்றே. இவற்றுள் நிலத்தின் நீர்நிலைத் தொடர்பை எது மெய்யாகச் சொல்கிறது என்பதைச் சென்னைப் புறநகரை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு ஊர்ப்பெயர்களே நிலத்தின் இயல்பைச் சொல்லிவிடும் என்னும் கருத்து பரவலாகப் பேசப்பட்டது. ஊர்ப்பெயரைவிடப் பத்திரத்தின் நான்கெல்லைப் பகுதியே நம்பத்தக்க சான்று என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

ஊர்ப்பெயர்ச் சான்றின் வரம்பு

சென்னையைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களில் நீர்நிலைச் சொற்கள் மிகுதி. அய்யப்பன்தாங்கல், பழவந்தாங்கல் ஆகியவற்றின் ஈற்றில் உள்ள ‘தாங்கல்’ பாசனத்திற்கு நீரைத் தேக்கிவைக்கும் சிறிய ஏரியைக் குறிக்கும். முகப்பேர் ஏரித் திட்டம் என்னும் குடியிருப்புப் பெயர் தன் வரலாற்றை ஒளிவுமறைவின்றிக் கூறுகிறது. மேற்கு மாம்பலத்தின் ‘லேக் வியூ ரோடு’ தியாகராய நகர் உருவாவதற்காக மறைந்த ஏரியின் பெயரெச்சம். காண்பதற்கு இன்று அங்கு ஏரி இல்லை. சாலைப் பெயரில் மட்டும் காட்சி எஞ்சியிருக்கிறது.

எனினும் இம்முறையை எல்லா ஊர்க்கும் நீட்டுவது பிழையில் முடியும். வேளச்சேரியின் ஈற்றில் ‘ஏரி’ ஒலிப்பதால் அப்பெயரை நீர்நிலைப் பெயராகக் கொள்வாருண்டு. அவ்வூரின் சோழர் காலக் கல்வெட்டுகள் ‘வெளிச்சேரி’ என்றே குறிக்கின்றன. ஈற்றுச்சொல் குடியிருப்பைச் சுட்டும் சேரியே. வேளச்சேரியில் ஏரி உண்டு, வெள்ளமும் உண்டு. ஆனால் அப்பெயர் அவற்றைச் சொல்லவில்லை. ‘பாக்கம்’ என்பதற்கு நெய்தல் நிலத்தூர் என அகராதி பொருள் தருகிறது. உள்நாட்டு ஊர்களிலும் அது பரவலாக வருவதால், அப்பொருளைக் கொண்டு ஓர் ஊரின் நிலத்தன்மையைத் துணிய இயலாது. இதற்கு மறுதலையாக, 2015இல் பெரும் பாதிப்புக்குள்ளான முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய பெயர்களில் நீர்நிலைச் சொல் எதுவும் இல்லை. ஊர், புரம் என்னும் ஈறுகளிலிருந்து அடையாற்றின் அண்மையை எவரும் உய்த்துணர முடியாது.

ஊர்ப்பெயர் ஒரு பரப்பு முழுமைக்கும் உரியது. வாங்கப்படுவதோ அப்பரப்பினுள் 1,200 அல்லது 2,400 சதுர அடி. ஒரே தாங்கலின் மேட்டுக்கரையில் உள்ள மனைக்கும் உள்வாயில் உள்ள மனைக்கும் ஊர்ப்பெயர் ஒன்றுதான். பெயராய்வு இவ்விடத்தில் தன் எல்லையை உணர்ந்து நின்றுவிடுவது நல்லது.

செப்பேட்டிலிருந்து பத்திரம் வரை

நிலத்தை நான்கு திசை எல்லைகளால் வரையறுக்கும் முறை தமிழில் தொன்மையானது. சோழர் கால ஆவணங்கள் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என வரிசைப்படுத்தி, அவற்றைத் தொகுத்துப் பெருநான்கெல்லை என்றன. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்டதைக் கூறும் லெய்டன் செப்பேடு, பிடியை நடத்தி எல்லை வகுத்த செய்தியையும் அவ்வெல்லை தொட்டுச் சென்ற வாய்க்கால்களையும் அயலூர் நிலங்களையும் நெடுக விவரிக்கிறது. உடும்பு ஓடுவதும் ஆமை தவழ்வதுமான நிலம், மீன் பழகும் பள்ளம் முதலியன கொடையில் அடங்கும் என்பது அக்கால ஆவணங்களின் வாய்பாடு. ஆமையும் மீனும் இங்கு அணிக்காக வரவில்லை. ஈர நிலமும் வறண்ட நிலமும் ஒருங்கே கைமாறுகின்றன என்பதற்கான சட்டச் சொற்கள் அவை.

இவ்வாவணங்கள் நீரைக் குறித்தது எச்சரிக்கைக்காக அன்று. நீர் அன்று செல்வம். வாய்க்கால் பாயும் நிலத்திற்கு மதிப்பு மிகுதி. அதே மனப்பான்மையே 20ஆம் நூற்றாண்டின் வேளாண் நிலப் பத்திரங்களிலும் தொடர்ந்தது. அத்தகைய பத்திரத்தின் சொத்து விவரம் பொதுவாகப் பின்வரும் அமைப்பில் இருக்கும்: ‘ஏரி வாய்க்காலுக்கு மேற்கு, வண்டிப்பாட்டைக்குக் கிழக்கு, இன்னார் பட்டா நஞ்சைக்கு வடக்கு, ஓடைப் புறம்போக்குக்குத் தெற்கு, இதன் மத்தியில் உள்ள நஞ்சை.’ பதிவுத்துறை வழக்கில் சக்குபந்தி என வழங்கும் இப்பகுதி, நிலத்தைச் சூழ்ந்த நீரோட்டத்தை நான்கே தொடர்களில் காட்டிவிடுகிறது. விற்றவரும் வாங்கியவரும் வெள்ளத்தை எண்ணி இதனை எழுதுவிக்கவில்லை. ஆயினும் சான்று பதிவாகிவிட்டது.

நான்காம் வேற்றுமையும் திசை மயக்கமும்

இத்தொடர்களின் இலக்கண அமைப்பு இன்றைய வாசிப்பில் இடர்ப்பாட்டை விளைவிக்கிறது. எல்லைப் பொருளை நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்கு உரியதாக்கும். ‘மதுரையின் வடக்கு’ என்பது போன்ற ஆட்சி அதற்குரியது. பத்திர வழக்கு அவ்விடத்தில் நான்கன் உருபாகிய ‘கு’வைப் பயன்படுத்துகிறது. இது உருபு மயக்கமாகக் கொள்ளத்தக்கதும் மக்கள் பேச்சுக்கு இயல்பானதும் ஆகும்.

‘வாய்க்காலுக்கு மேற்கு’ என்னும்போது மேற்கில் இருப்பது விற்கப்படும் நிலம். வாய்க்கால் அந்நிலத்திற்குக் கிழக்கில் உள்ளது. அண்மைக்காலப் பத்திரங்கள் பலவற்றில் இவ்வமைப்பு அட்டவணையாக மாறியுள்ளது. அங்கே ‘மேற்கில்: வாய்க்கால்’ என ஏழாம் வேற்றுமை வரும்போது வாய்க்கால் நிலத்தின் மேற்கே இருக்கிறது. இரு வடிவங்களிலும் வருபவை அதே இரு சொற்களே. உருபு எச்சொல்லைச் சேர்கிறது என்பதைப் பொறுத்துத் திசை நேரெதிராகிவிடுகிறது. பழைய மூலப் பத்திரத்தையும் புதிய கிரயப் பத்திரத்தையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இவ்வேறுபாட்டை உணராவிடில் நீர்நிலையை நிலத்தின் தவறான பக்கத்தில் வைத்துவிடுவார்.

அன்றாட வழக்கிலும் இம்மயக்கம் உண்டு. ‘30 அடி சாலைக்கு வடக்கு’ என எழுதப்பட்ட மனையை வடக்குப் பார்த்த மனை என மகிழ்ந்து கொள்வதுண்டு. உண்மையில் அது தெற்குப் பார்த்த மனை. வாஸ்து கருதி வடக்கு, கிழக்கு வாயில்களுக்கு மிகுவிலை தரப்படும் சந்தையில் ஓர் உருபின் விலை சிறிதன்று.

மனைப்பிரிவில் மறையும் எல்லை

வேளாண் நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது சக்குபந்தியின் உள்ளடக்கம் முற்றாக மாறுகிறது. 42ஆம் எண் மனையின் விவரம் ‘43ஆம் மனைக்கு மேற்கு, 41ஆம் மனைக்குக் கிழக்கு, 30 அடி சாலைக்கு வடக்கு, 57ஆம் மனைக்குத் தெற்கு’ என்றாகிறது. வாய்பாடு அப்படியே நிற்க, அதன் சுட்டுப்பொருள்கள் மட்டும் மனைப்பிரிவின் வரைபடத்திற்குள் அடங்கிவிடுகின்றன. முன்பு எல்லைத் தொடர் நிலத்திற்கு வெளியே உள்ள உலகைச் சுட்டியது. இப்போது அது தன்னைப் போன்ற பிற மனைகளையே சுட்டுகிறது. ஓடையும் வாய்க்காலும் பொய்யாக மறைக்கப்பட்டன என இதனால் கூறுவதற்கில்லை. பிரிவின் ஓரத்து மனைகள் தவிர ஏனையவற்றிற்கு அவை எல்லையாக அமைவதில்லை என்பதால் இயல்பாகவே பத்திரத்தை விட்டு நீங்கிவிட்டன. வெள்ளம் மட்டும் ஓரத்து மனைகளோடு நின்றுவிடுவதில்லை.

இதனுடன் காலம் பற்றிய சிக்கலும் சேர்கிறது. வீடு வாங்குவோர் வழக்கமாக 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று பெற்று உரிமைத் தொடர்ச்சியைச் சரிபார்க்கின்றனர். 1980களில் பிரிக்கப்பட்ட மனைக்கு இன்று 30 ஆண்டு வில்லங்கம் பார்த்தால் மனையிலிருந்து மனைக்கான கைமாற்றமே தென்படும். நிலம் நிலமாக விவரிக்கப்பட்ட மூலப் பத்திரம் அச்சாளரத்திற்கு அப்பால் நிற்கிறது. உரிமைக்குப் போதுமான கால அளவு நிலத்தின் வரலாற்றுக்குப் போதவில்லை. வழக்கறிஞரின் கருத்துரையில் ‘வில்லங்கம் இல்லை’ என்னும் தொடர் அடமானம், வழக்கு முதலியவற்றின் இன்மையை மட்டுமே குறிக்கும். வில்லங்கம் என்னும் சொல்லைப் பேச்சுவழக்கின் பரந்த பொருளில் கொள்ளும் குடும்பம், வாழ்நாள் சேமிப்பை அச்சொல்லின் மீது வைத்துவிடுகிறது.

விளம்பர மொழியைப் பற்றி இங்கு நீளப் பேச வேண்டியதில்லை. தொடர்வண்டி நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், பள்ளி எத்தனை தொலைவு என்பன அதன் எல்லைகள். அதுவும் ஒருவகைச் சக்குபந்தியே. திசைக்கு மாறாக நேரத்தால் அளக்கப்படுகிறது, அவ்வளவே.

வருவாய்த்துறைச் சொற்களும் ஊரார் சொற்களும்

மூலப் பத்திரம் கிடைக்காத நிலையில் வருவாய்த்துறைப் பதிவுகள் துணைபுரிகின்றன. அ-பதிவேடு ஒவ்வொரு புல எண்ணையும் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என வகைப்படுத்துகிறது. புறம்போக்கினுள் ஏரி, ஓடை, வாய்க்கால், களம், மேய்க்கால் என மேலும் பிரிவுகள் உண்டு. நத்தம் என்பது ஊரார் வழிவழியாகக் குடியிருந்த பகுதி. பெரும்பாலும் மேடான இடமே இதற்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதைப் பழைய ஊர்களின் அமைப்பு காட்டுகிறது. நத்தத்தை விட்டு நஞ்சையில் இறங்கிய குடியிருப்பே இன்றைய புறநகரின் பெரும்பகுதி.

ஊரில் நெடுங்காலம் வாழ்வோர் பேச்சில் மதகு, கலங்கல், உள்வாய், வரத்துக் கால்வாய் ஆகிய சொற்கள் இன்னும் வழங்குகின்றன. கலங்கல் என்பது ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழியும் இடம். ‘கலங்கல் பக்கம்’ என்று அவர்கள் சுட்டுமிடத்தில் இன்று ஒரு குறுக்குத்தெரு இருக்கலாம். அத்தெருவில் குடியேறியவர்க்கு அது எண்ணிட்ட தெரு மட்டுமே. அண்டை வீட்டார் இருவரிடையே ஒரே இடத்திற்கு இரு சொற்றொகுதிகள் வழங்க, மழைக்காலத்தில் முன்னவர் சொல்லே செல்லுபடியாகிறது. இச்சொற்களை வட்டார வழக்கு அகராதிப் பணிகள் வேளாண் சொற்களாக மட்டும் தொகுக்கின்றன. புறநகரில் அவை குடியிருப்புச் சொற்களாகவும் பதிவு பெறத்தக்கவை.

அடுக்ககப் பத்திரங்களில் மீளும் எல்லை

அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்திரம் இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பமாக அமைகிறது. அடுக்ககத்தில் வாங்குபவர்க்குக் கிடைப்பது முழு நிலத்தில் ஒரு பிரிபடாத பாகம். அப்பாகத்திற்குத் தனியே நான்கெல்லை கூற இயலாது. ஆகவே முதல் சொத்து விவரத்தில் முழு நிலத்தையும் அதன் எல்லைகளுடன் எழுதி, அடுத்த விவரத்தில் வாங்குபவரின் சதுர அடிப் பங்கு குறிக்கப்படுகிறது. மனைப்பிரிவில் மறைந்த வெளியுலகு இதனால் பத்திரத்திற்குள் மீண்டும் நுழைகிறது. எல்லையாக வருவன பல வேளைகளில் வெறும் புல எண்களே. ஏரி வாய்க்கால் எனப் பழைய பத்திரம் பெயர் சொல்லிக் குறித்த இடத்தில் புதிய பத்திரம் எண்ணையும் உட்பிரிவையும் தருகிறது. அவ்வெண்ணை அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் தேடினாலன்றி அது வீடா, வயலா, ஓடையா என்பது விளங்காது. வாங்குவோரின் கண் பெரும்பாலும் அடுத்த பக்கத்திலுள்ள கட்டடப் பரப்பளவிற்கே செல்கிறது.