எரர் நம்பரைப் படிப்பவருக்கே எல்-2 நாற்காலி

நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டரில் எல்-1 சீட்டுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. அலர்ட் வந்தால் டிக்கெட் போடுவது, ரன்புக்கைப் பார்த்து அடுத்த டீமுக்கு போன் செய்வது எல்லாம் பக்கத்து சீட்காரருக்கும் தெரியும். ஒரு ஸ்கிரிப்ட்டும் அதைச் செய்துவிடும். எல்-2-க்குப் போக நினைப்பவர் வேறொரு திறமையைக் காட்ட வேண்டும். எல்லாவற்றையும் கண்காணிக்கும் மானிட்டரிங் டூலே படுத்துவிட்டால், அதை எழுப்பத் தெரிய வேண்டும்.

அந்த டூல் படுக்கும் இடங்களில் முக்கியமானது டேட்டாபேஸ் கனெக்‌ஷன். உதாரணத்துக்கு ஸாபிக்ஸை எடுத்துக்கொள்வோம். லாத்வியாவின் ரீகா நகரில் இயங்கும் நிறுவனம் வளர்க்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இது. 2001-ல் முதலில் வெளியானது. லைசென்ஸ் கட்டணம் இல்லாததால் வீட்டு லேப்டாப்பிலேயே பழகலாம். அதன் கான்ஃபிகரேஷன், ஹிஸ்டரி, அலர்ட் எல்லாம் ஒரே டேட்டாபேஸில்தான் இருக்கின்றன. ஸாபிக்ஸ் சர்வருக்கு அந்தத் தொடர்பு அறுந்தால் புது டேட்டா எழுதப்படாது. டேஷ்போர்டில் பச்சை தெரிந்தாலும் அது பழைய பச்சை. அந்த நேரத்தில் கம்பெனியே கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. உங்கள் பெயர் மேனேஜர் மனதில் பதிவதும் அப்போதுதான்.

1. கை முதலில் லாகுக்குப் போகட்டும்

பதற்றத்தில் எல்லோரும் செய்வது ரீஸ்டார்ட். அதைச் செய்யாதீர்கள். டேட்டாபேஸ் கிடைக்காதபோது, சேகரித்த டேட்டாவை ஸாபிக்ஸ் சர்வர் மெமரியில் பிடித்து வைத்திருக்கும். அவசரப்பட்டு நிறுத்தினால் அது பறிபோகலாம். காரணமும் தெரியாமலே போகும்.

ஸாபிக்ஸ் சர்வர் லாகைத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். ‘டேட்டாபேஸ் இஸ் டவுன்: ரீகனெக்டிங் இன் 10 செகண்ட்ஸ்’ என்ற வரிதான் முதலில் கண்ணில் படும். பலர் அதைக் காப்பி செய்து குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பதில் அதற்கு மேல் வரியில் இருக்கிறது. ‘கனெக்‌ஷன் டு டேட்டாபேஸ் ஃபெயில்ட்’ என்பதை அடுத்து, சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு நம்பர் இருக்கும். அதைப் படியுங்கள்.

2. ஐந்து நம்பர்களை மனப்பாடம் செய்யுங்கள்

ஸாபிக்ஸின் டேட்டாபேஸாக மைஎஸ்க்யூஎல் பயன்படுத்தும் இடங்களில் இந்த ஐந்தும் உங்கள் கைச்சரக்காக இருக்கட்டும்.

2002: அதே மெஷினில் இருக்கும் டேட்டாபேஸின் சாக்கெட் ஃபைல் வழியாகப் போக முடியவில்லை. சர்வீஸ் ஓடவில்லை, அல்லது சாக்கெட் பாதை தவறு.

2003: நெட்வொர்க் வழியாக டேட்டாபேஸை எட்ட முடியவில்லை.

1045: டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது. யூசர் அல்லது பாஸ்வேர்ட் ஒத்துப்போகவில்லை.

1049: அந்தப் பெயரில் டேட்டாபேஸே இல்லை.

1040: கனெக்‌ஷன் இடங்கள் நிரம்பிவிட்டன.

2003 வந்தால் வரியின் கடைசியில் இருக்கும் சின்ன நம்பரையும் விடாதீர்கள். லினக்ஸில் 111 என்றால் அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. சர்வீஸ் நின்றிருக்கலாம், அல்லது அது 127.0.0.1-ல் மட்டும் கேட்கும்படி பைண்ட் அட்ரஸ் இருக்கலாம். 110 என்றால் பதிலே வரவில்லை. வழியில் ஏதோ ஃபயர்வால் பாக்கெட்டை விழுங்குகிறதா என்று பாருங்கள். 113 என்றால் ரூட் பிரச்சினை, அல்லது எதிர்ப்பக்க ஃபயர்வால் மறுக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை நெட்வொர்க் டீம் மதிக்கும்.

3. லோக்கல்ஹோஸ்ட்டும் 127.0.0.1-ம் ஒன்றென்று நினைக்காதீர்கள்

இன்டர்வியூவில் நல்ல வடிகட்டி இது. லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அது சாக்கெட் ஃபைல் வழியாகப் போகும். 127.0.0.1 என்று கொடுத்தால் டிசிபி வழியாக 3306 போர்ட்டுக்குப் போகும். ஒன்று வேலை செய்து மற்றொன்று தோற்கலாம்.

மைஎஸ்க்யூஎல் கணக்குகளும் அப்படித்தான். யூசர் பெயரோடு எந்த ஹோஸ்ட்டிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. ஒரே பெட்டியில் இருந்த டேட்டாபேஸைத் தனி சர்வருக்கு மாற்றிய அன்று 1045 வந்தால், பாஸ்வேர்டை மாற்றி மாற்றி முயலாதீர்கள். ஸாபிக்ஸ் மெஷினின் ஐபியிலிருந்து வரும் யூசருக்குக் கணக்கும் உரிமையும் உண்டா என்று பாருங்கள்.

4. கனெக்‌ஷன் ஒன்றல்ல, இரண்டு

ஸாபிக்ஸ் சர்வருக்கு ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைல், பிஹெச்பியில் ஓடும் வெப் ஃப்ரன்ட்எண்டுக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக டேட்டாபேஸில் நுழைகின்றன. பாஸ்வேர்ட் மாற்றும்போது ஒன்றில் மாற்றி மற்றதை மறந்தால் பாதி டூல்தான் ஓடும். வெப் பக்கம் திறக்கிறது, டேட்டா நகரவில்லை என்றால் சர்வர் ஃபைலைப் பாருங்கள். வெப் பக்கத்தில் டேட்டாபேஸ் எரர், அலர்ட் மட்டும் வருகிறது என்றால் ஃப்ரன்ட்எண்ட் ஃபைலைப் பாருங்கள்.

‘ஸாபிக்ஸ் சர்வர் இஸ் நாட் ரன்னிங்’ என்ற செய்தி வந்ததும் டேட்டாபேஸ் மேல் பழி போடாதீர்கள். ஃப்ரன்ட்எண்ட்டால் சர்வரின் 10051 போர்ட்டைத் தொட முடியாவிட்டாலும் அதே செய்திதான் வரும்.

5. அதே மெஷின், அதே யூசர், கையால் டெஸ்ட்

உங்கள் லேப்டாப்பிலிருந்து டேட்டாபேஸ் திறக்கிறது என்பது சாட்சியமாகாது. ஸாபிக்ஸ் ஓடும் மெஷினில் நின்று, கான்ஃபிகரேஷனில் உள்ள அதே ஹோஸ்ட், யூசர், பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்து பாருங்கள்.

கையால் நுழைய முடிகிறது, வெப் மட்டும் தோற்கிறது, ரெட்ஹேட் வகை லினக்ஸ் என்றால் எஸ்இலினக்ஸைச் சந்தேகியுங்கள். வெப் சர்வர் நெட்வொர்க் வழியாக டேட்டாபேஸுக்குப் போக அதில் தனி அனுமதி உண்டு. அதை மட்டும் ஆன் செய்யுங்கள். எஸ்இலினக்ஸையே அணைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சொல்பவர் அடுத்த ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் பார்க்க வேண்டியவை இரண்டு இடங்கள். எந்த முகவரியில் கேட்பது என்பது ஒரு செட்டிங். இயல்பில் லோக்கல்ஹோஸ்ட் மட்டும். யார் எங்கிருந்து வரலாம் என்பது ஹெச்பிஏ ஃபைலில். முதலாவதை மாற்றினால் ரீஸ்டார்ட் தேவை. இரண்டாவதற்கு ரீலோட் போதும். இந்த வித்தியாசம் தெரிந்தால் தேவையில்லாத டவுன்டைமைத் தவிர்க்கலாம்.

6. நேற்று ஓடியது இன்று நின்றால், கொள்ளளவைப் பாருங்கள்

கான்ஃபிகரேஷனை யாரும் தொடவில்லை, ஆனாலும் நின்றுவிட்டது என்றால் இரண்டு சோதனைகள்.

முதலாவது, கனெக்‌ஷன் எண்ணிக்கை. இயல்பான வரம்பு மைஎஸ்க்யூஎல்லில் 151, போஸ்ட்கிரெஸில் 100. ஸாபிக்ஸில் டேட்டாபேஸைத் தொடும் பிராசஸ்கள் தனித்தனிக் கனெக்‌ஷன் பிடிக்கின்றன. வேகம் வேண்டுமென்று, டேட்டா சேகரிக்கும் போலர்களை ஏற்றிக்கொண்டே போனவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டார். மைஎஸ்க்யூஎல் அட்மினுக்கென்று கூடுதலாக ஒரு இடம் வைத்திருக்கிறது. அதன் வழியாக நுழைந்து பிராசஸ் லிஸ்ட்டைப் பார்க்கும்படி டேட்டாபேஸ் அட்மினிடம் (டிபிஏ) சொல்லுங்கள்.

இரண்டாவது, டிஸ்க். டிஎஃப் கமாண்ட் அடிக்கச் சில விநாடிதான். மைஎஸ்க்யூஎல் 8.0-ல் பைனரி லாக் இயல்பாகவே ஆனில் இருக்கும், 30 நாள் வரை தங்கும். ஹிஸ்டரி டேபிள்களும் பெருத்தபடி இருக்கும். இடம் வேண்டுமென்று பைனரி லாக் ஃபைல்களை நேராக அழிக்காதீர்கள். அதற்கென்று உள்ள பர்ஜ் கமாண்டை டிபிஏவிடம் கேட்டுச் செய்யுங்கள்.

7. பிரிட்ஜ் காலில் பேசும் விதம்

நெட்வொர்க் டீம், டிபிஏ, சிஸ்டம் அட்மின் மூவரும் ‘எங்கள் பக்கம் சரி’ என்பார்கள். கையில் ஆதாரம் வைத்திருப்பவர்தான் அந்தக் காலை நடத்துவார்.

‘டேட்டாபேஸ் வரலை சார்’ என்று சொல்லாதீர்கள். ‘2.10 மணியிலிருந்து எரர் 2003, உள்ளே 110. ஸாபிக்ஸ் மெஷினிலிருந்து 3306-க்குப் பதில் இல்லை. டேட்டாபேஸ் மெஷினுக்குள் லாகின் ஆகிறது. நடுவில் உள்ள ஃபயர்வால் ரூலைப் பார்க்க வேண்டும்’ என்று சொல்லுங்கள். நான்கு வாக்கியத்தில் பிரச்சினை சரியான டீமிடம் போய்விட்டது. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. பிரச்சினை சரியான பின், மூல காரணத்தைச் சொல்லும் ஒரு பக்க ஆர்சிஏ எழுதுங்கள்: நேரம், எரர், காரணம், மாற்றியது, இனி வராமல் தடுப்பது. அதை நீங்களே அனுப்புங்கள். வேறொருவர் அனுப்பினால் கிரெடிட்டும் அவருக்கே.

8. விழுவதற்கு முன் ஒரு வேலை

டேட்டாபேஸ் விழுந்தால் எந்த யூசர் குரூப்புக்குச் செய்தி போக வேண்டும் என்று ஸாபிக்ஸின் பொது செட்டிங்கிலேயே குறிக்கலாம். அதில் சரியான ஆட்கள் இருக்கிறார்களா, அவர்களுக்கு மெயில், மெசேஜ் வழிகள் பதிவாகியிருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் சரிசெய்யும் திட்டத்தை மேனேஜரிடம் வையுங்கள். அப்ரைசலில் முன்முயற்சிக்குக் காட்ட உங்களிடம் ஒரு உருப்படியான வேலை இருக்கும்.

9. வீட்டில் உடைத்துப் பழகுங்கள்

இரண்டு விர்ச்சுவல் மெஷின் போடுங்கள். ஒன்றில் ஸாபிக்ஸ், மற்றதில் டேட்டாபேஸ். சர்வீஸை நிறுத்துங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபயர்வாலில் தடுங்கள், கனெக்‌ஷன் வரம்பைக் குறையுங்கள், டிஸ்க்கை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் லாகில் என்ன வரி விழுகிறது என்று குறித்துவைத்து, தீர்வையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த நோட் ஆபீஸில் உங்கள் பெயர் போட்ட ரன்புக் ஆகும்.

‘மானிட்டரிங் டூலுக்கு டேட்டாபேஸ் கிடைக்கவில்லை, என்ன செய்வீர்கள்?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் பலரும் ‘சர்வீஸை ரீஸ்டார்ட் செய்வேன்’ என்பார்கள். நீங்கள் லாகில் தொடங்கி எரர் நம்பர், போர்ட், கணக்கு, கொள்ளளவு என்று வரிசையாகச் சொல்லுங்கள். உடைத்துப் பார்த்தவருக்கு அந்த வரிசை தடுமாறாமல் வரும். எதிரில் இருப்பவருக்கும் அது உடனே புரியும்.