உம்மம்மாவின் பீங்கான்
(மறதி நோயும் உணவும்)

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வாப்பா வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். உம்மம்மாவும் சாப்பிட்டார். அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. கேற்றடியில் நின்று பக்கத்து வீட்டு மாமியிடம், "காலையிலிருந்து எனக்கு ஒருவாய்ச் சோறு தரல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மாலையாவதற்குள் அந்தக் கதை மாமாவின் காதுக்குப் போய்விட்டது. "உம்மாவைப் பட்டினி போடுறீங்களா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது என் உம்மா பதில் சொல்லவில்லை. குசினிக்குள் போய் அழுதார்.

எனக்கு உம்மம்மா மீது கோபம் வந்தது. வேண்டுமென்றே சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அப்போது நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கியிருந்தேன். மூளையின் பாகங்களை வரைந்து பெயரிடத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலேயே ஒருவரின் மூளை நோயுற்றிருப்பது தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு வைத்தியரிடம் கேட்டும், வாசித்தும், வீட்டில் செய்து பார்த்தும் அறிந்துகொண்டவற்றை, வயது முதிர்ந்தவர்கள் வாழும் எல்லா வீடுகளுக்கும் உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

முதுமை வேறு, நோய் வேறு

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமையில் இயல்பு. சாப்பிட்டதையே மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது, பல வருடங்களாகச் சமைத்த கறியை எப்படிச் சமைப்பது என்று தடுமாறுவது இயல்பல்ல. இவை டிமென்சியா எனப்படும் மறதி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இதில் பல வகைகள் உண்டு. மிகவும் பொதுவானது அல்சைமர் நோய். ஜேர்மனிய வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் 1906 ஆம் ஆண்டில் இதை முதன்முதலில் விவரித்தார். 2021 ஆம் ஆண்டில் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் டிமென்சியாவுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

வைத்தியர் உம்மம்மாவுக்கு முதலில் இரத்தப் பரிசோதனைகளையே எழுதிக் கொடுத்தார். தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தாலும், விற்றமின் பி12 குறைந்தாலும் ஞாபகம் மங்கலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நீரிழிவுக்காக மெற்போமின் மாத்திரையை நீண்ட காலம் பாவிப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்புண்டு. உம்மம்மா அதைப் பல வருடங்களாகப் பாவித்து வந்தவர். அவருக்கு பி12 குறைவாகவே இருந்தது. ஊசி போட்டபின் சோர்வு குறைந்தது. ஆனால் மறதி போகவில்லை. மேலும் பரிசோதித்த பிறகே அது அல்சைமர் என்று வைத்தியர் சொன்னார். ஆகவே, "வயது போனால் அப்படித்தான்" என்று யாரையும் வீட்டில் வைத்திருக்காதீர்கள். ஒருமுறை வைத்தியரிடம் காட்டுங்கள்.

உணவால் குணமாக்க முடியுமா?

முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் நாங்கள் ஏமாந்தவர்கள். ஞாபக சக்தியைத் திருப்பித் தரும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, வாப்பா ஒரு தூள் பேணியை பெரிய விலை கொடுத்து வாங்கி வந்தார். மூன்று மாதம் பாலில் கலந்து கொடுத்தோம். பேணி முடிந்தது, காசும் முடிந்தது, வேறெதுவும் மாறவில்லை. டிமென்சியா வரும் ஆபத்தைக் குறைப்பதற்காக பி, ஈ விற்றமின்களையோ மீன் எண்ணெய் போன்ற கொழுப்பமிலக் குளிசைகளையோ சிபாரிசு செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே 2019 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் கூறியிருப்பதை நான் பிறகுதான் வாசித்தேன். குறைபாடு இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால் வைத்தியர் தருவது வேறு விடயம்.

அப்படியானால் உணவுக்கு எந்தப் பங்கும் இல்லையா? உண்டு. மூளை நம் உடல் நிறையில் ஏறத்தாழ 2 வீதம்தான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் 20 வீதமளவை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தி நுண்ணிய குருதிக் குழாய்கள் வழியாகவே போய்ச் சேர வேண்டும். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் கொலஸ்திரோலும் அந்தக் குழாய்களைக் கெடுக்கின்றன. இதயத்துக்கு நல்ல உணவு மூளைக்கும் நல்லது என்று சொல்லப்படுவதன் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டில் "மைன்ட்" என்ற உணவு முறை அறிமுகமானது. கீரை, மரக்கறி, பருப்பு வகை, கொட்டை வகை, தவிடு நீக்காத தானியம், மீன் ஆகியவை அதில் அதிகம். பொரியல், இனிப்பு, பட்டர், சிவப்பிறைச்சி ஆகியவை குறைவு. அதைப் பின்பற்றியவர்களில் நோய் குறைவாகக் காணப்பட்டது. ஆனால் 604 பேரை மூன்று வருடம் அவதானித்து 2023 இல் வெளியான ஆய்வில், கலோரியை மட்டும் சற்றுக் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட இவர்களின் ஞாபகம் குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. மறுபுறம், பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடம் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வில் நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, குருதி அமுக்கக் கண்காணிப்பு ஆகியவற்றை ஒன்றாகக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. உணவு தனியாக நின்று காப்பாற்றாது, மற்றவற்றோடு சேர்ந்தால் உதவும் என்று நான் இதிலிருந்து விளங்கிக்கொண்டேன்.

இதற்காக வெளிநாட்டுப் பொருள் தேடத் தேவையில்லை. சிவப்பரிசிச் சோறு, சூடை, சாளை, கும்பளா, பருப்பு, பயறு, கச்சான், முருங்கை இலை, பொன்னாங்காணி எல்லாம் எங்கள் சந்தையிலேயே உண்டு. வல்லாரைச் சம்பலும் நல்லதே. ஆனால் அது மறதி நோயைக் குணப்படுத்தும் என்பது நிரூபிக்கப்பட்டதல்ல. கீரையாக உண்போம், மருந்தாக நம்பியிருக்க வேண்டாம்.

நோய் வந்த பிறகு

நோய் முற்றிய பின் பிரச்சினை தலைகீழாக மாறுகிறது. எதைக் குறைப்பது என்ற கேள்வி போய், எப்படிச் சாப்பிட வைப்பது என்ற கவலை வருகிறது. உம்மம்மா மெலியத் தொடங்கினார். பீங்கானை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பார். பிடிவாதம் என்று நினைத்தோம்.

அமெரிக்க ஆய்வாளர்கள் 2004 இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வைப் பற்றி வாசித்தேன். அல்சைமர் முற்றியவர்களுக்கு வெள்ளைப் பாத்திரங்களுக்குப் பதிலாகக் கடும் சிவப்புப் பாத்திரங்களில் கொடுத்தபோது அவர்கள் 25 வீதம் அதிகமாக உண்டார்கள். 84 வீதம் அதிகமாகக் குடித்தார்கள். நோயினால் நிற வேறுபாட்டைப் பிரித்தறியும் திறனும் குறைகிறது. எங்கள் வீட்டிலோ வெள்ளைப் பீங்கான், வெள்ளைச் சோறு, அதற்கு மேல் சொதி! மறுநாளே உம்மா சந்தையில் ஒரு சிவப்புப் பீங்கான் வாங்கி வந்தார். முதல் நாளே அதிசயம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிழமைக்குள் பாதிப் பீங்கான் காலியாகத் தொடங்கியது.

நாங்கள் கற்றுக்கொண்ட மற்றவை இவை:

1. ஒரே நேரத்தில் பல கறிகளை வைத்தால் குழம்பிப் போவார்கள். ஒவ்வொன்றாகக் கொடுக்க வேண்டும்.
2. சோற்றைப் பிசைந்து உண்ணச் சிரமப்பட்டால் கையில் பிடித்து உண்ணக்கூடியவற்றைக் கொடுக்கலாம். அவித்த முட்டைத் துண்டு, சிறிய ரொட்டி, பப்பாசி, வாழைப்பழம் நல்லவை.
3. தாகம் தெரிவது குறையும். நீர் குறைந்தால் மலச்சிக்கலும் மேலும் தடுமாற்றமும் வரும். கேட்கும்வரை காத்திராமல் அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.
4. தொலைக்காட்சியை நிறுத்தி, கூட இருந்து நாமும் சாப்பிட வேண்டும். நம் கையைப் பார்த்து அவர்களின் கையும் அசையும்.
5. நிமிர்ந்து இருக்க வைத்தே ஊட்ட வேண்டும். உண்ணும்போது இருமல் வந்தாலோ, உணவை வாயிலேயே வைத்திருந்தாலோ வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உணவு சுவாசக் குழாய்க்குள் போனால் நியுமோனியா வரலாம்.
6. நிறையை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர் மெலிந்தால் உணவையும் மாத்திரையையும் வைத்தியரே மாற்றியமைக்க வேண்டும்.

"இப்பதானே சாப்பிட்டீங்க" என்று வாதாடுவதையும் விட்டுவிட்டோம். அவருடைய நினைவில் அந்தச் சாப்பாடு இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை. இப்போது ஒரு துண்டுப் பழத்தைக் கொடுத்து, "சோறு ஆகிக்கொண்டிருக்கு உம்மம்மா" என்போம். மாமாவும் இரண்டு கிழமை எங்களோடு தங்கிப் பார்த்தார். போகும்போது உம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

நோன்பு நாட்களில்

எங்களை மிகவும் வருத்தியது ரமழான்தான். உம்மம்மா பகலில் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு நோன்பு" என்பார். சாப்பிட்டதை நினைவூட்டினால், நோன்பை முறித்துவிட்டேனே என்று தேம்பி அழுவார். வாப்பா மௌலவி ஒருவரிடம் விளக்கம் கேட்டார். சக்தியற்ற முதியவருக்கும் குணமாகாத நோயாளிக்கும் மார்க்கத்தில் சலுகை இருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து நாங்கள் நினைவூட்டுவதில்லை. பகலில் கஞ்சி கொடுப்போம். மஃரிப் நேரத்தில் கொட்டை நீக்கி நறுக்கிய பேரீச்சம்பழத்துடன் எங்கள் வரிசையில் இருக்க வைப்போம். அவர் முகத்தில் ஒரு நோன்பாளியின் நிறைவு தெரியும்.

நமக்கான பாடம்

மருத்துவ சஞ்சிகையான லான்செட்டின் ஆணைக்குழு 2024 இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், உடற்பருமன், கூடாத கொலஸ்திரோல் ஆகியவை நம் சாப்பாட்டோடு தொடர்புடையவை. பெற்றோர்களே, நடுத்தர வயதிலேயே சீனியையும் உப்பையும் பொரியலையும் குறைத்துக்கொள்ளுங்கள். அதே பட்டியலில் இன்னொரு காரணியும் இருக்கிறது. சிறுவயதில் கல்வி குறைவாகக் கிடைப்பது. உம்மம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவர். என்னை மட்டும் ஒருநாளும் வகுப்புக்குப் போகாமல் நிற்க விடமாட்டார்.

இப்போது என் பெயர் அவருக்கு நினைவில்லை. நேற்றும் சிவப்புப் பீங்கானில் சோறு கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டவர், மூன்றாவது பிடியை என் பக்கம் நீட்டி, "நீ தின்னியா மகள்?" என்று கேட்டார். அவர் கையாலேயே அந்தப் பிடியை வாங்கிச் சாப்பிட்டேன்.