குழாய் வேலைக் கண்டிராக்டரும் காப்புறுதியும்



நம்மவர்களில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்போர் சிலர் குழாய் வேலைக் கண்டிராக்டும் சேர்த்து எடுத்துச் செய்து வருகிறார்கள். பைப்பும் டேப்பும் வாங்க வந்த வாடிக்கைக்காரர், "ஆள் அனுப்பிப் பூட்டியும் கொடுத்து விடுங்கள், நானா" என்று கேட்பதும், கடைக்காரர் இரண்டு பையன்களை வைத்து அவ்வேலையை ஆரம்பிப்பதும் சகஜமாகி விட்டது. தொழில் இவ்விதம் கிளை விடுவது சந்தோஷத்திற்குரியதே. ஆனால் கடையில் உட்கார்ந்து பைப்பு விற்பதற்கும், பிறர் வீட்டுச் சுவரை உடைத்து அந்தப் பைப்பைப் பூட்டுவதற்கும் ஜவாப்தாரியில் வெகு தூரம் இருக்கிறது. அதைப் பற்றியே இப்பாடம்.

முதலில் மார்க்கத்தின் பக்கத்தைச் சொல்லி விடுகிறேன். பிக்ஹு கிதாபுகளில் 'ளமான்' என்றொரு பாடம் வரும். பிறர் பொருளைக் கெடுத்தவன் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பது அதன் சாரம். வேண்டுமென்று கெடுத்தானா, கை தவறிக் கெடுத்தானா என்பது பாவத்தைக் குறித்த விஷயத்தில் வித்தியாசப்படும். ஈட்டைக் குறித்தமட்டில் கை தவறியதும் கடனே. நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் மனைவியரில் ஒருவர் வீட்டில் இருந்தபோது, மற்றொரு மனைவியார் உணவு வைத்து அனுப்பிய பாத்திரம் உடைபட்ட சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. நாயகம் அவர்கள் சிதறிய உணவைத் தங்கள் கையாலேயே பொறுக்கினார்கள். பிறகு, உடைந்த பாத்திரத்தை அவ்வீட்டிலேயே நிறுத்திக் கொண்டு, அதற்குப் பதிலாக முழுப் பாத்திரம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அந்தப் பாத்திரம் எவ்வளவு பெறும்? சொற்பந்தான். ஆயினும் ஹக்கு ஹக்கே.

இப்பொழுது ஓர் உதாரணத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கடைவீடு ஒன்றின் மேல்மாடியில் நம் கண்டிராக்டர் கழிப்பறைத் தொட்டிக்கு வளையும் பைப்பு மாற்றுகிறார். பையன் நட்டைச் சரியாக முறுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அது கழன்று, விடியும் வரை தண்ணீர் ஓடி, கீழே துணிக்கடையில் அடுக்கியிருந்த 40,000 வெள்ளிச் சரக்கு நனைந்து விடுகிறது. கண்டிராக்டரைக் கேட்டால், "எனக்கென்ன பயம், மாதா மாதம் சொக்சோ கட்டுகிறேனே" என்கிறார்.

அவர் கட்டுவது நல்ல காரியம், கட்டாயமும் கூட. 1969ஆம் வருடத்துத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரே ஒரு வேலையாள் இருந்தாலும் முதலாளி பெர்க்கேசோவில் பதிய வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். அதற்கு முன் அவர்களுக்கு 1952ஆம் வருடத்துச் சட்டப்படி தனிப் பாலிசி எடுக்க வேண்டியிருந்தது. ஆள் வைக்காமல் தாமே தனியாகச் சாவி பிடிக்கிற குழாய்க்காரருக்கு, சுயதொழில் செய்வோருக்கான 2017ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் வழியிருக்கிறது. ஆனால் இவையெல்லாம் வேலை செய்கிறவனுடைய உடம்புக்கு. பையன் ஏணியிலிருந்து விழுந்தால் சொக்சோ பார்க்கும். கீழ்க்கடைத் துணி நனைந்ததற்கு அதிலிருந்து ஒரு காசு வராது.

துணிக்குப் பதில் சொல்லுவது 'பப்ளிக் லயபிலிட்டி' என்கிற பொது ஜவாப்தாரிக் காப்புறுதி. நம் தொழிலால் மூன்றாவது ஆளின் உடம்புக்கோ பொருளுக்கோ சேதம் உண்டாகி, சட்டப்படி நாம் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தால், குறித்த தொகை வரையில் அது கொடுக்கும். குழாய் வேலைக்காரருக்கு முதன்மையாக வேண்டியது இதுவே என்பது என் அபிப்பிராயம். பெரிய கட்டட வேலை எடுப்பவரிடம் 'கண்டிராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்ற பாலிசியும் கேட்பார்கள். அது நடந்து கொண்டிருக்கும் வேலைக்கே உரியது. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறவருக்கு அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

பொது ஜவாப்தாரிப் பாலிசியை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதற்கு முன், அதில் சிறிய எழுத்தில் உள்ளதைப் படிக்க வேண்டும். ஆங்கிலமோ மலாயோ வராவிட்டால் படித்த பிள்ளையை அருகில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். மேற்சொன்ன உதாரணத்தையே பாருங்கள். தண்ணீர் ஓடியது வேலை முடிந்து, கூலி வாங்கி, வீடு திரும்பிய பிறகு. முடித்துக் கொடுத்த வேலையாலும், விற்றுக் கொடுத்த சாமானாலும் பின்னால் வரும் சேதத்தை அநேகப் பாலிசிகள் தனியே கேட்டுச் சேர்த்தாலன்றி ஏற்பதில்லை. குழாய் வேலையில் சேதம் வருவதோ பெரும்பாலும் பின்னால்தான்! இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர் முக்கால் பாகம் குடையில்லாமல் நிற்கிறார்.

இன்னுஞ் சில ஷரத்துகள் உண்டு. சரியாகப் பூட்டாத அந்தப் பைப்பை மறுபடி பூட்டும் செலவைப் பாலிசி தராது. அது அவருடைய சொந்த வேலையின் குறை. செம்புப் பைப்பை நெருப்பு வைத்துப் பற்ற வைக்கிறவர், நெருப்பு வேலை அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, பக்கத்தில் தீயணைக்கும் சாதனம் இருக்க வேண்டுமென்று ஷரத்து உண்டா என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் சுவருக்குள் சிறிது சிறிதாகக் கசிந்ததைத் 'திடீர் விபத்து அல்ல' என்று தள்ளி விடும் பாலிசிகளும் இருக்கின்றன. வேலையை வேறொரு சிறு கண்டிராக்டரிடம் விட்டுக் கொடுத்தால் அவர் செய்கையும் இதில் அடங்குமா என்பதை எழுத்து மூலமாகக் கேட்டுக் கொள்ள வேண்டும். தொழில் என்ற இடத்தில் 'இரும்புச் சாமான் வியாபாரம்' என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, குழாய் வேலையைச் சொல்லாமல் விடுவது எல்லாவற்றிலும் கெடுதல். சொல்லாததற்குக் கம்பெனி ஏன் கொடுக்கும்?

மாடி வீடுகளில் வேலை செய்வோர் இதையும் அறிய வேண்டும். 2013ஆம் வருடத்து ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, மாடிக்கு மாடி தண்ணீர் ஒழுகினால் குறை மேல் வீட்டில் இருப்பதாகவே முதலில் கொள்ளப்படும். வேறு காரணம் என்றால் அதை நிரூபிக்க வேண்டும். புகார் கிடைத்த 7 நாளில் நிர்வாகத்தார் வந்து பார்வையிட வேண்டும். மேல் வீட்டுக்காரர் உடனே யாரைத் தேடுவார்? கடைசியாகக் குழாயைத் தொட்ட நம்மவரைத்தான். வேலை முடிந்ததும் தண்ணீரைத் திறந்து விட்டுப் பரிசோதித்து, படம் பிடித்து, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைப்பது அந்தச் சமயத்தில் உதவும்.

பாலிசியில் இருக்கும் இன்னொரு ஷரத்து நம் போன்றவர்களுக்கு நெஞ்சில் உறுத்தும். கம்பெனியைக் கேட்காமல் 'என் தப்புதான், நான் கொடுத்து விடுகிறேன்' என்று ஒப்புக் கொள்ளக் கூடாது என்பது அது. ஓர் ஈமான்தாரி தன் பையன் நட்டை முறுக்காததை மறைக்கலாமா? கூடாது. ஆனால் நடந்ததை உள்ளபடி சொல்வது வேறு, இவ்வளவு தொகை தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது வேறு. உடனே தண்ணீரை அடைத்து, கீழ்க்கடைக்காரருக்குச் சரக்கைத் தூக்க ஒத்தாசை செய்து, நனைந்த துணிகளுக்கு இருவருமாகப் பட்டியல் எழுதிப் படம் எடுத்து, அன்றைக்கே ஏஜெண்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கேட்டவரிடம் பொய் சொல்ல வேண்டாம். தொகையை மட்டும் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை நிறுத்தி வைக்கலாம்.

கம்பெனி கொடுத்தது போக மீதி? 'எக்ஸஸ்' என்று முதல் பாகத்தை நம் தலையில் விடுவார்கள். சில சமயம் முழுவதையுமே மறுத்து விடுவார்கள். கம்பெனி மறுத்து விட்டது என்பதால் கீழ்க்கடைக்காரரின் ஹக்கு நீங்கி விடாது. அது கண்டிராக்டர் பேரில் கடனாக நிற்கும். அவர் மௌத்தானால் வாரிசுகள் பங்கு பிரிக்கு முன்னே அவர் சொத்திலிருந்து தீர்க்க வேண்டிய கடன். 40,000 வெள்ளியை ஒரு சிறு கண்டிராக்டரின் குடும்பம் எங்கிருந்து எடுக்கும்? பிள்ளைகளின் பங்கிலிருந்துதான்.

காப்புறுதி ஆகுமானதா என்ற கேள்வி நம்மிடையே நெடுநாளாக உண்டு. 1972இல் நம் நாட்டுத் தேசிய பத்வாக் குழு, கம்பெனிகள் நடத்தும் ஆயுள் இன்ஷூரன்ஸ் முறை ஷரீஅத்துக்கு ஒத்ததல்ல என்று கூறியது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு சபை, நிச்சயித்த பிரிமியத்துக்கு நடத்தும் வர்த்தகக் காப்புறுதியில் கரர், அதாவது நிச்சயமற்ற பேரம், மிகுந்திருப்பதால் ஆகாதென்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை ஆகுமென்றும் தீர்மானித்தது. இந்நாட்டில் 1984இல் தகாஃபுல் சட்டம் வந்தது. இப்பொழுது 2013ஆம் வருடத்து இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் நடைபெறுகிறது. தகாஃபுலில் நாம் கட்டுவதன் ஒரு பாகம் 'தபர்ருஃ' என்ற நன்கொடையாகப் பொது நிதியில் சேரும். இடர் வந்த அங்கத்தினருக்கு அதிலிருந்து கொடுப்பார்கள். நடத்தும் கம்பெனி நம் வக்கீலாக நின்று கூலி பெறும். தவறுதலாகக் கொலை நேர்ந்து விட்டால் அதன் தியத்தைக் கொன்றவனின் ஆண்வழிச் சொந்தத்தார் கூடிக் கொடுக்கும் 'ஆகிலா' முறையை ஆலிம்கள் இதற்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். ஆகவே ஏஜெண்டிடம் 'பொது ஜவாப்தாரி தகாஃபுல்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மேலே சொன்ன ஷரத்துகளை அதிலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஹலால் என்ற முத்திரை நட்டை முறுக்கித் தராது.

கீழே கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தீக் காப்புறுதி தீக்கும் இடிக்கும்தான் முதலில் எழுதப்படுகிறது. தண்ணீர்த் தொட்டியோ பைப்போ உடைந்து பெருகும் சேதத்தைத் தனியே சேர்க்க வேண்டும். அதற்குச் சிறிது கூடுதலாகக் கட்ட நேரிடும். தொகையைக் குறைத்து எழுதவும் வேண்டாம். கடையில் 100,000 வெள்ளிச் சரக்கிருக்க 60,000 வெள்ளிக்கு மட்டும் எழுதியிருந்தால், 20,000 வெள்ளி நஷ்டத்துக்கு 12,000 வெள்ளிதான் கைக்கு வரும். நோன்புக்கு முன் பெருநாள் சரக்கு இறக்கும் மாதங்களில் இத்தொகையை ஒரு தடவை ஏஜெண்டிடம் சொல்லித் திருத்திக் கொள்வது நல்லது. மேல்மாடியில் குழாய் வேலை நடக்கப் போகிறதென்று கேள்விப்பட்டால், வருகிற கண்டிராக்டரிடம் பொது ஜவாப்தாரிப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியைப் பாருங்கள். நம்மவராயிருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்.